குளிர் நாட்டு மோட்டார்ச் சைக்கிளும் சூடான கைப்பிடியும்

வெயிலோடு வளர்ந்த நமக்கு, மோட்டார்ச் சைக்கிளின் கைப்பிடியை மின்சாரத்தாற் சூடாக்குகின்றனர் என்னும் செய்தி வியப்பளிக்கக்கூடும். நண்பகலிலே வெளியில் நிறுத்திய வண்டியின் கைப்பிடியைத் தொடவே நமக்குக் கை கூசும். அதற்கு மேலும் சூடு எதற்கு? ஆயின், பனி உறையும் நாடுகளிலும் ஆண்டு முழுவதும் மோட்டார்ச் சைக்கிளோட்டுவோர் உளர். ஜேர்மனியிலே சுத்துட்காட்டு நகரின் அயலில் 1956ஆம் ஆண்டு ‘யானைச் சந்திப்பு’ என்னும் ஒரு கூட்டம் தொடங்கப்பட்டது. ‘பச்சை யானை’ எனச் செல்லப் பெயர் பெற்ற சுண்டாப் வண்டியை ஓட்டியோர் கூடியமையால் அப்பெயர் வந்தது. 1989 முதல் அவ்வோட்டிகள் பவேரியக் காட்டுப் பகுதியிலே, கடும் பனிக்காலத்திற் கூடாரமடித்துத் தங்குகின்றனர். இத்தகையோருக்குச் சூடான கைப்பிடி ஓர் ஆடம்பரமா, அன்றித் தேவையா? தேவையாயின் அதனைப் பொருத்தும் முறை யாது? இவ்விரண்டையும் இப்பேச்சிலே ஆராய்வோம்.

முதலிற் காற்றின் இயல்பை நோக்குவோம். நமது தோலை ஒட்டி, உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. காற்று விரைந்து வீசும்போது அப்படலம் அடித்துச் செல்லப்படுகின்றது. உடலின் வெப்பமும் அதனுடன் ஓடிவிடுகின்றது. அந்தாட்டிக்காவிலே ஆராய்ச்சி செய்த போல் சிப்பிள், சாள்ஸ் பாசெல் என்னும் அமெரிக்கர் இருவர், சிறு கொள்கலத்திலிட்ட நீர் வெவ்வேறு காற்று வேகங்களில் எவ்வளவு நேரத்தில் உறைகின்றது என அளந்து, தம் முடிவை 1945இல் வெளியிட்டனர். அவ்வழியிலே திருத்தி அமைக்கப்பட்ட கணக்கீட்டைக் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்டன. அக்கணக்கின்படி, வெப்பநிலை 5 பாகை செல்சியசாக இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீற்றர் வேகக் காற்று வெறுந்தோலிற் படுமாயின், அது உறைநிலைக்குக் கீழ் 3 பாகை போல உணரப்படும். வெப்பநிலை சுழியமாயின், உறைநிலைக்குக் கீழ் 10 பாகை போலத் தோன்றும். காரிற் செல்வோனுக்குக் கண்ணாடி உண்டு. மோட்டார்ச் சைக்கிளில் முதலிற் காற்றை எதிர்ப்பது ஓட்டியின் கையே.

இனி, கையின் அமைப்பை நோக்குவோம். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையிலே உள்ளன. விரல்களிலோ பெரும்பாலும் எலும்பும் நாணும் தோலுமே உண்டு. ஆதலின் விரல் தானாக உண்டாக்கும் வெப்பம் மிகச் சிறிது. இரத்தம் கொண்டுவரும் வெப்பத்தையே அது நம்பியிருக்கின்றது. உடல் குளிரத் தொடங்கியதும், இதயம் முதலிய உள்ளுறுப்புகளைக் காத்தற்பொருட்டு, கை கால்களின் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. தலைவனைக் காக்கப் படைவீரனைக் கைவிடுவது போன்றது இது. விரற்றோலின் வெப்பநிலை ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே இறங்குமாயின் விரலின் நுண்செயல் தடுமாறும். மேலும் இறங்கினால் தொடுவுணர்ச்சியும் மங்கும்.

இதனால் விளையும் கேடு யாது? மோட்டார்ச் சைக்கிளில் வலக்கை வேகப்பிடியைத் திருப்புவதோடு முன்சில்லின் பிறேக்கையும் பிடிக்கின்றது. இடக்கை பெரும்பாலும் கிளச்சைப் பிடிக்கின்றது. வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வலுவிற் பெரும்பங்கு முன்பிறேக்கிற்கே உரியது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீற்றர் கடக்கும். மரத்த விரல் பிறேக்கை அரை விநாடி பிந்திப் பிடிக்குமாயின், நிறுத்தத் தொடங்குமுன்னரே 11 மீற்றர் கழிந்துவிடும். குறுக்கே வந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பதினொரு மீற்றரே உயிரெல்லை ஆகலாம். ஆகவே, சூடான கைப்பிடி ஆடம்பரம் அன்று. அது பிறேக்கின் ஓர் உறுப்பைப் போன்றதென்பது பொருந்தும்.

கைப்பிடியின் இறப்பருள்ளே மெல்லிய மின்றடைக் கம்பி பதிக்கப்பட்டிருக்கும். அதனூடாக மின்னோட்டம் பாயும்போது அது சூடாகின்றது. இஸ்திரிப் பெட்டியின் தத்துவமே இங்கும். ஒவ்வொரு பிடியின் தடையும் 8 ஓம் எனக் கொள்வோம். 12 உவோற்று மின்னை இரண்டிற்கும் தனித்தனி கொடுத்தால், ஒவ்வொன்றும் 18 உவாற்று வீதம் 36 உவாற்று வெப்பம் தரும். 3 அம்பியர் ஓட்டம் பாயும். அவ்விரு பிடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், மொத்தம் 9 உவாற்றே கிடைக்கும். அஃதாவது முன்னையதிற் காற்பங்கு. எளிய வகைகளிலே இவ்விரு இணைப்புகளையும் ஓர் ஆளியால் மாற்றி, மிகு சூடு, குறை சூடு எனப் பெறுவர். இக்காலத்து வகைகளிலோ மின்னை மிக விரைவாக விட்டும் நிறுத்தியும் பல படிகளிற் சூட்டை அமைக்கின்றனர்.

இந்த 36 உவாற்றை வண்டி தாங்குமா என்பது வாங்குமுன் கேட்கவேண்டிய வினா. 1950களிற் பல பிரித்தானிய வண்டிகளில் இருந்த 6 உவோற்றுத் தைனமோ தரக்கூடியது ஏறக்குறைய 60 உவாற்றே. அதிலே முன்விளக்கும் எரியவேண்டும். இக்காலப் பெரிய வண்டிகள் இச்சுமையை எளிதில் தாங்கும். எனினும் சிறிய வண்டிகளில், அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பிறக்கும் மின் போதாமற் போகலாம். எஞ்சினை நிறுத்தியபின் பிடிகள் சூடாகிக்கொண்டே இருப்பின், 12 அம்பியர்-மணி பற்றறி நான்கு மணி நேரத்திற்கு முன்னரே வறண்டுவிடும். ஆதலின் சாவியைத் திருப்பியபோது மட்டும் மின் செல்லுமாறு, ‘றிலே’ எனப்படும் துணை ஆளியின் வழியாக இணைத்தல் வேண்டும். பற்றறிக்கு மிக அண்மையில் உருகி ஒன்றையும் இடுதல் வேண்டும். உருகியின்றி இடப்பட்ட கம்பி எங்காவது தேய்ந்து இரும்பிற் பட்டால், தீப்பற்றவும் இடமுண்டு.

இனிப் பொருத்தும் முறை. வேலை தொடங்குமுன் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. பழைய இறப்பர்ப் பிடிகளை நீளவாக்கிற் கத்தியாற் கீறி உரித்தெடுக்கலாம். இடப்பக்கத்துப் பிடி உருக்குக் குழாயின்மேல் நேரே ஏறும். அக்குழாய் பெரும்பான்மையான வண்டிகளில் 22 மில்லிமீற்றர் விட்டமுடையது. வலப்பக்கத்திலோ வேகப்பிடியின் பிளாஸ்திக் குழல் இடையிலிருப்பதால், அப்பக்கத்துப் பிடியின் துவாரம் சற்றே பெரியது. இரண்டையும் மாற்றிப் போடலாகாது. பிளாஸ்திக் குழலின்மேல் வரம்புகள் இருப்பின் அவற்றை அரத்தால் அராவி மட்டமாக்குதல் வேண்டும். உருக்கு வெப்பத்தை உறிஞ்சும், பிளாஸ்திக் அவ்வளவு உறிஞ்சாது. ஆதலின் இடப்பிடி சற்றுக் குளிராகத் தோன்றுவதுண்டு. இதனை அறிந்த செய்வோர் சிலர் இடப்பிடிக்குச் சிறிது மிகுந்த வெப்பம் கொடுக்கின்றனர்.

பசை இடுமுன் பிடிகளை வெறுமனே ஏற்றி, கம்பி வெளிவரும் இடத்தைத் தீர்மானித்துக்கொள்க. விரைந்து இறுகும் பசை இரண்டாம் முறை திருத்த இடந்தராது. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வலப்பிடி சுழலும் பிடி. அதனோடு கம்பியும் சுழலும். கம்பி இறுக்கமாக இருந்தால் அது இழுபட்டு ஒருநாள் அறும். தளர்ந்து பிறேக்கு நெம்பில் மாட்டினால், வேகப்பிடி திறந்தபடியே நின்றுவிடும். பசை வழிந்து பிளாஸ்திக் குழலுக்கும் உருக்குக் குழாய்க்கும் இடையே புகுந்தாலும் அதே கேடு. பிடியின் நுனி ஹான்டிலின் முனையிலுள்ள பாரக்கட்டியில் உராய்ந்தாலும் அதே கேடு. குளிர்ந்த கை பிறேக்கைப் பிந்திப் பிடிக்கும். திரும்பாத வேகப்பிடியோ ஓட்டியின் கட்டளையையே மறுத்துவிடும். ஒரு கேட்டை நீக்கப்போய் அதனினும் பெரிய கேட்டைத் தேடிக்கொள்ளலாகாது.

ஆகவே வேலை முடிந்ததும், எஞ்சினை இயக்காமலே சோதித்தல் வேண்டும். ஹான்டிலை இடக்கோடிக்குத் திருப்பி, வேகப்பிடியை முழுதும் திறந்து கையை விடுக. அது தானாகவே ‘டக்’கென்று மூடிக்கொள்ளவேண்டும். நடுவிலும் வலக்கோடியிலும் இவ்வாறே செய்க. மூன்றிடத்திலும் தயக்கமின்றி மூடிக்கொண்டாலன்றி அவ்வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோதல் தகாது.

சூடான கைப்பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. அது உள்ளங்கையை வெதுப்பும். காற்றோ புறங்கையிற் படும். எனவே கைக்கு முன்னே காற்றுத் தடுப்பு ஒன்றை மாட்டிக்கொள்வது நலம். கையுறையின் உள்ளங்கைப் பக்கம் மிகத் தடிப்பாக இருப்பின் சூடு உட்புகாது. உட்பக்கம் மெலிந்தும் புறப்பக்கம் தடித்தும் இருப்பதே பொருத்தமானது. உடல் குளிர்ந்தால் கைக்கு இரத்தம் வராது என்பதை மறவாது, மார்பையும் கழுத்தையும் நன்கு போர்த்துக்கொள்ளுதலும் வேண்டும்.

குளிர் நாட்டிலே வாழும் உறவினரோ நண்பரோ இத்தகைய பிடிகளை வாங்கவிருப்பதாக எழுதினால், எத்துணைச் சூடு தரும் என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பொருத்தியபின் வேகப்பிடி தானாக மூடுகின்றதா என்பதையும் கேளுங்கள். அக்கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தபின்னரே, அவர் கைக்குச் சூடும் பயணத்திற்குக் காப்பும் ஒருங்கே கிடைத்தன என நாம் ஆறுதல் கொள்ளலாம்.