வீட்டுக் குறையை யாரிடம் சொல்வது? பதிலை எப்படி வாங்குவது?



தொகுப்பு வீட்டில் காரை பெயர்ந்து விழுகிறது. வீட்டுத் திட்டப் பட்டியலில் பேர் இருக்கா இல்லையான்னு தெரியல. குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் பேச்சு இது. "சொன்னீங்களா?" என்று கேட்டால், "போன மழைக்கே சொல்லியாச்சு" என்போம். யாரிடம், எந்தத் தேதியில் என்று கேட்டால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வீடு தருகிற அரசும் குடியிருக்கிற நாமும் பேசிக்கொள்ள என்ன வழிகள் உள்ளன என்று பார்ப்போம்.

சொன்னதைக் கேட்காவிட்டால்

இங்கிலாந்தில் நகராட்சிகளே வீடு கட்டி வாடகைக்கு விடுகின்றன. லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடி நகராட்சிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்து இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் 2016-லேயே எழுதி எச்சரித்திருந்தார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பிழைப்பு நடத்துகிற நமக்கு, எச்சரிக்கையைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன்பின் 2023-ல் அங்கே புதுச் சட்டம் வந்தது. குடியிருப்போருக்குத் திருப்தியா என்று பெரிய வீட்டு நிர்வாகங்கள் ஆண்டுதோறும் கேட்டு, அந்த விவரத்தை வெளியிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில் வந்தது. சுவரில் பூஞ்சை பிடித்த வீட்டில் 2020-ல் இரண்டு வயதுக் குழந்தை இறந்ததே அந்த விதிக்குக் காரணம். அந்தக் குழந்தையின் அப்பா பலமுறை புகார் சொல்லியிருந்தார்.

நம் மாநிலத்தில்

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அடுக்குமாடிகளில் குடியிருப்போர் நலச் சங்கம் அமைத்துப் பராமரிப்பை அவர்களே பார்க்க, 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தை அது நடத்துகிறது. மக்கள் கட்டும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் பணம் தருகிறது. நம்ம குழு மாதிரிதான். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் தனி ஆளாகக் கேட்பதைவிட எடுபடும்.

கிராமத்தில் நமக்கு இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் விடுமுறை. அதனால் வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையில் வாழ்பவர் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. இடத்துக்குப் பட்டா வேண்டும். பயனாளிகள் பட்டியல் கிராம சபை ஒப்புதலுக்கு வர வேண்டும். பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. தகுதி உள்ளவர் விட்டுப்போனால் அங்கேயே எழுந்து சொல்லலாம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் சபை நடக்க 100 பேர் வேண்டும். நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால், வந்தவர்கள் சொன்னதே தீர்மானம் ஆகிவிடும்.

2021-ல் மாநகராட்சியான சிவகாசியிலும், அதோடு சேர்ந்த திருத்தங்கலிலும் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்களுக்கு வார்டில் பகுதி சபை உண்டு.

எழுதிக் கொடுங்கள்

குழுவில் தீர்மான நோட்டில் ஏறாத கடனை யாரும் கொடுப்பதில்லை. வீட்டுக் குறைக்கும் அதே கணக்குத்தான்.

• ஊராட்சி அலுவலகத்திலோ ஒன்றிய அலுவலகத்திலோ மனு கொடுத்தால், நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள்.

• பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். முந்தைய நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

• போக முடியாதவர் 1100 எண்ணுக்குப் போன் செய்யலாம். மனு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

• "என் மனு என்ன ஆச்சு?" என்று 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

• வீட்டுப் பணம் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாக, வங்கிக் கணக்கிலேயே வரும். "பில் போட்டுத் தருகிறேன்" என்று யார் காசு கேட்டாலும் தராதீர்கள்.

எழுதத் தெரியாதவருக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ எழுதித் தர வேண்டும். படிக்கிற நம் பிள்ளைகளும் உதவலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், யார் வீட்டில் என்ன குறை, மனு கொடுத்த தேதி எது, பதில் வந்ததா என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிராம சபைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போவோம்.