கைப்பேசியும் நம் குழந்தைகளும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத் தொழிலாளர் இல்லங்களில் கைப்பேசி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் செல்பவருக்கும், துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும் வீட்டோடு பேச அதுவே துணை. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதுவே பாடசாலையும் ஆயிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் அது பிள்ளைகளின் கையை விட்டு அகலவில்லை. பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் பிள்ளையும் கைப்பேசியும் தனித்திருக்கும் நிலை, நெசவாளர், விவசாயிகள் வீடுகளிலும் உண்டு. ஆகவே இதுபற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இணையத்தில் தீயோர் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே. விளையாட்டின் வாயிலாகவோ இன்ஸ்டாகிராம் வாயிலாகவோ சமவயதுத் தோழர்போல் ஒருவர் அறிமுகமாவார், புகழ்வார், “வீட்டில் சொல்லாதே” என்பார். பின்னர் அந்தரங்கப் படம் கேட்பார். படம் கைக்கு வந்ததும், அதை உறவினருக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டிப் பணமோ மேலும் படங்களோ கேட்பார். பெண் குழந்தைகளே இதில் சிக்குவர் என்று எண்ணுதல் தவறு; ஆண் பிள்ளைகளும் சிக்குகின்றனர்.

மிரட்டுபவனின் ஆயுதம் அந்தப் படம் மட்டுமன்று. “அப்பா அடிப்பார், அம்மா அழுவாள்” என்று பிள்ளையின் மனத்தில் உள்ள அச்சமே அவனுடைய பெரிய ஆயுதம். அதைப் பறிக்கப் பெற்றோரால் மட்டுமே இயலும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்திப் பிணைக்கிறார். மறைத்து நெய்தால் குறை துணியிலே நிற்கும். “என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், உன்னைத் தண்டிக்கமாட்டோம்” என்று பிள்ளைகளிடம் முன்னதாகவே கூறி, அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும்.

காவல் நிலையம் சென்றால் மானம் போகும் என்று பலர் தயங்குகின்றனர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு இடம் வைக்கவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை துணை ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அப்போது சீருடை கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. பத்திரிகைகள் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, குழந்தைகளின் ஆபாசப் படங்களை இணையத்தில் பரப்புவோருக்கு முதன்முறையே ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை இவை:

1. பணம் கொடுக்கலாகாது, கொடுத்தால் மேலும் கேட்பான்.

2. வந்த செய்திகள், கணக்கின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை அழிக்காது காக்க வேண்டும். குழந்தையின் படத்தை மட்டும் எவருக்கும் அனுப்பலாகாது.

3. இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளின் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.

4. ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவச இணைய சேவை, படத்தை வாங்காமலே அதன் அடையாளக் குறியை மட்டும் பெற்று, தன்னோடு இணைந்த தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது.

வருமுன் காக்கவும் வழிகள் உள. பதின்மூன்று வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்க இன்ஸ்டாகிராமின் சொந்த விதியே அனுமதிப்பதில்லை. பிள்ளை கைப்பேசியைப் பயன்படுத்தும் நேரத்தை வரையறுக்கவும், புதிய செயலிகளுக்கு அனுமதி தரவும் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ உதவும். இரவில் எல்லோருடைய கைப்பேசிகளும், பெற்றோருடையது உட்பட, ஓரிடத்தில் இருப்பது நலம்.

கைப்பேசியை அறியாத பெற்றோரும் நம்மிடையே உளர். அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பித்தல் கூட்டுறவின் முதற்கடமை. சங்கந்தோறும் ஒரு மாலைக் கூட்டம் கூட்டி இவற்றை விளக்குமாறும், மேற்கண்ட இரண்டு எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறும் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.