அம்மாவின் கடிகாரம் இரண்டரை மணித்தியாலம் பின்னால்

ஐந்தரை மணித்தியாலம்தான், பகல் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடலாம் என்று தோட்டங்களுக்கு வரும் உபமுகவர்கள் சொல்வார்கள். விமானத்தை மட்டும் பார்த்தால் இது பொய்யில்லை. கட்டுநாயக்காவிலிருந்து சவூதி அரேபியாவின் றியாத் நகருக்கு ஆகாய வழியில் சுமார் 4,000 கிலோமீற்றர். நேரடி விமானத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும். டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம்.

ஆனால் எமது சகோதரிகளின் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. பொகவந்தலாவையில் ஒரு மேற்கணக்கு லயத்திலிருந்து புறப்படுபவர் ஹட்டனுக்கு வந்து, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து இறங்க வேண்டும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கா 130 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல்தான். பனிமூட்டமும் மழையும் சேர்ந்தால் அதற்கே ஐந்து மணித்தியாலம் போய்விடும். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். இடையில் வேறொரு நாட்டில் விமானம் மாறுவதென்றால் காத்திருப்பு தனி. றியாத்தில் இறங்கினாலும் வேலை வீடு அங்கேதான் என்றில்லை. றியாத்துக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஆகாய வழியிலேயே சுமார் 850 கிலோமீற்றர். இலங்கையின் முழு நீளமே 430 கிலோமீற்றர்தான்!

விமானச்சீட்டில் உள்ள நேரங்களும் குழப்பும். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். சவூதியும் குவைத்தும் எமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. மாலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்கு றியாத்தில் இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், வீட்டிலுள்ளவர்கள் மூன்று மணித்தியாலப் பயணம் என்று நினைத்துப் பத்து மணியிலிருந்தே அழைப்புக்குக் காத்திருந்து பயந்துபோகிறார்கள். அவர் இறங்கும்போது இங்கே இரவு 11.30.

உண்மையில் குடும்பத்தை வருத்துவது இந்த இரண்டரை மணித்தியாலம்தான். பிள்ளை பாடசாலை விட்டு வரும் பிற்பகல் 2 மணி, அங்கே 11.30, அம்மா அடுப்படியில் நிற்கும் வேளை. இரவு 11 மணிக்குப் பாத்திரம் கழுவி அவர் தொலைபேசியை எடுக்கும்போது இங்கே அதிகாலை 1.30. நோன்பு மாதத்தில் விடியும்வரை சமையல் ஓயாது. 'அம்மா எங்களை மறந்துவிட்டார்' என்று பிள்ளைகள் சொல்வதும், கணவன்மார் வீண் சந்தேகம் கொள்வதும் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பமாகின்றன. போகுமுன்பே இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த நாள், எத்தனை மணி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இறங்கும் விமான நிலையத்தின் பெயரையும், வேலை வீட்டின் ஊரையும் முகவரியையும், முகவர் நிலையத்தின் பெயரையும் எழுதி, கடவுச்சீட்டுப் பிரதியோடு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பேசி வைத்த நாள்கள் கடந்தும் அழைப்பு வராவிட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கும்போது இந்த விபரங்களையே முதலில் கேட்பார்கள்.