இருதயம் படிக்கும் இடம்

கோவிலம்பாக்கத்தில் ஒருவர் தம் குழந்தை வைத்தியத்துக்குப் படிப்பதாகச் சொன்னால், 'எந்தக் காலேஜ்?' என்று யாரும் கேட்பதில்லை, 'எந்த தேசம்?' என்றுதான் கேட்கிறார்கள். ருஷ்யா என்பார் ஒருவர்; ஜார்ஜியா என்பார் மற்றொருவர்; பிலிப்பைன்ஸ் என்பார் மூன்றாமவர். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் பெருஞ்சாலை வந்த பின், அடுக்கு மாடிகளும் ஆஸ்பத்திரிகளுமாக ஓங்கி நிற்கிறது இவ்வூர். ஆயினும் இங்குள்ள நடுத்தரக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் மனையை விற்றும் குழந்தைகளைக் கடல் கடந்து அனுப்பித்தான் டாக்டராக்குகின்றன. நம்மிடம் பள்ளியில் படித்த பிள்ளைகளிலும் சிலர் அவ்விதம் சென்றிருக்கிறார்கள்.

போனவர்கள் திரும்பி வந்ததும் என்ன ஆகிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயம்.

முதலில் ஒரு பரீட்சை. 300 வினாக்கள், அவற்றில் 150-க்குச் சரியான விடை குறிக்க வேண்டும். பெரும்பாலோர் முதல் தடவையில் தேறுவதில்லை. தேறியவர்கள் ஓர் ஆஸ்பத்திரியில் 12 மாதம் துறை துறையாகச் சுழன்று பயில வேண்டும். பரீட்சையைப் பற்றிப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. அந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பற்றித்தான் ஒருவரும் கவலைப்படக் காணோம். நமது அபிப்பிராயத்தில், வைத்தியர் உண்டாவது அந்தப் பன்னிரண்டு மாதத்திலேதான்.

காதால் கற்கும் வித்தை

இருதய நோயையே எடுத்துக் கொள்வோம். 1816-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்து வைத்தியர் லேனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அன்று பிறந்ததே ஸ்டெதஸ்கோப். இருதயத்தின் இடது பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலுள்ள வால்வு சுருங்கிவிட்டால், மெல்லிய உறுமல் ஒன்று கேட்கும். நோயாளியை இடது புறமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்து, குழலின் கிண்ணத்தை அழுத்தாமல் வைத்துக் கேட்டால்தான் அது நன்றாகப் புலப்படும். புத்தகத்தில் இது நான்கு வரி. காது இதைக் கற்பதற்கோ பல நோயாளிகளும், 'இதோ, இதுதான்' என்று காட்டித் தரும் ஒரு பெரியவரும் வேண்டும். 'எக்கோ' யந்திரம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். யந்திரத்துக்கு யாரை அனுப்புவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டியது காதல்லவா?

இந்நோய் வரும் வழியையும் பாருங்கள். பள்ளிச் சிறுவனுக்குத் தொண்டைப் புண் வருகிறது, கவனிப்பார் இல்லை. சில வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் காண்கின்றன. அந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிடுகிறது. செல்வ நாடுகளில் இது அபூர்வமாகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் தீரவில்லை. வெளிநாட்டு வார்டில் காணாத நோயை நம் பிள்ளைகள் இங்கேதான் கண்டாக வேண்டும்.

பாஷையும் ஒரு தடையே. பாடம் ஆங்கிலத்தில், அங்குள்ள நோயாளி பேசுவதோ ருஷ்ய பாஷை. நம் ஊர்ப் பாட்டியோ 'வாயு பிடித்துக் கொண்டது' என்பாள். அது மாரடைப்பாக இருக்கலாம். 'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது' என்ற ஒரு வாக்கியத்தில் முழு நோயும் அடங்கியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் பழக்கம் படுக்கை அருகே நின்றால்தான் வரும்.

2022-ஆம் வருஷம் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே திரையில் பாடம் கேட்டார்கள். திரையில் நாடி பிடிக்க முடியுமா? அவ்விதம் நேரில் பயில இயலாமல் அவ்வாண்டில் படிப்பை முடித்தவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வருஷத்துக்குப் பதிலாக இரண்டு வருஷப் பயிற்சி விதித்தது. விதி கடுமைதான், ஆனால் அதன் கருத்து நியாயமானது.

டாக்டர் பத்மாவதி காட்டிய வழி

பர்மாவில் மக்வே என்னும் ஊரில் 1917-ஆம் வருஷம் பிறந்தவர் டாக்டர் பத்மாவதி. ரங்கூனில் வைத்தியம் படித்தவர். ஜப்பானியர் படையெடுத்தபோது தாயாருடன் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். 1949-இல் லண்டன் சென்று இருதய ஆஸ்பத்திரியிலும் மார்பு நோய் ஆஸ்பத்திரியிலும் பயின்றார். பிறகு ஸ்வீடன்; பிறகு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டவுஸிக் அம்மையாரிடமும், ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் பயிற்சி. அயல்நாட்டுப் பட்டதாரியாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றியே அவர் இருதய சாஸ்திரத்தைக் கற்றார்.

1953-இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கலாசாலையில் ஆசிரியையாக அமர்ந்தார். அங்கே நுரையீரல் கெட்டு அதனால் இருதயம் வீங்கிய நோயாளிகளில் ஸ்திரீகள் அதிகமாக இருக்கக் கண்டார். காரணம் என்ன? அடுப்புப் புகை! இதை பாஸ்டன் நகரத்து வார்டு அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. கேட்கும் வித்தையை அயல்நாடு கொடுத்தது. கேட்க வேண்டியதை நம் நாடு கொடுத்தது. 2020-இல், 103-ஆம் வயதில் காலமாகும் வரை இந்திய இருதய வைத்தியத்தின் தாயென மதிக்கப்பட்டார்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒரு ஸானடோரியம் நிறுவினார். ரயில் நிலையத்தின் பெயரிலும் அது இன்றளவும் வாழ்கிறது.

செய்ய வேண்டியது

வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாகாது, இங்கே படித்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித் தொகையையே அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. அதோடு, ஒரு கலாசாலை தன் இடங்களில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் அவர்களை ஏற்கலாகாது என்றும் வரம்பு கட்டியது. பரீட்சையில் தேறியும் இடத்துக்காகக் காத்திருப்பவனுக்கு அந்த மாதங்கள் வீண். கற்றதும் மறக்கும், கடனும் ஏறும்.

கிடைத்த இடத்திலாவது கல்வி கிடைக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் பொது வைத்தியத்துக்கு ஆறு வாரமே உண்டு. இருதயத்துக்கென்று கட்டாயமாகத் தனி முறை இல்லை. அந்த ஆறு வாரத்தையும் ரத்தப் புட்டி தூக்குவதிலும் சீட்டு எழுதுவதிலும் கழிக்க விட்டால், இழப்பு அந்த வாலிபனுக்கு மட்டுமா? நாளை நடுநிசியில் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு அவனிடம் போகப் போகிறவர்கள் நாம் அல்லவா?

ஆகவே, தாம்பரத்தைச் சுற்றியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் தினந்தோறும் ஒரு மணி நேரமாவது இவர்களைப் படுக்கை அருகே நிறுத்திக் கற்பிக்க வேண்டும். நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை வார்டில் ஓர் இளம் வைத்தியர் சற்றே தயங்கி, 'இன்னொரு முறை கேட்கலாமா, அம்மா?' என்று குழலை நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் இருதயம் அவருக்குப் பாடம். அந்தப் பாடம் இன்னொருவருக்கு உயிர்.