கோடை ராத்திரியில் இத்தனை அதிசயமா? தெரியுமா?

டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் ஊர் வானத்தில் முழுசாகப் பார்க்கவே முடியாத ஒரு நட்சத்திரக் கூட்டம் நம் ஊர் வயல்வெளிக்கு மேலே தினமும் வந்து நிற்கிறது, தெரியுமா? தென்சிலுவை! திரிசங்கு என்றும் சொல்வார்கள். மே மாதம் ராத்திரி 9 மணி வாக்கில் நேர் தெற்கே, பனைமரங்களின் தலைக்குச் சற்று மேலே தேடுங்கள். நான்கு நட்சத்திரங்கள், சிலுவை வடிவம். அதன் அடி நட்சத்திரம் டெல்லியில் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. நாம் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கிடைத்த சொத்து இது. அப்படியே வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம்! அதன் வாலில் வசிஷ்டரும் அருந்ததியும். கல்யாணத்தில் பட்டப்பகலில் கைகாட்டுகிறோமே, அந்த அருந்ததியை நிஜமாகவே பார்க்க ஏற்ற மாதம் மே. பார்வைக்கு இரண்டு புள்ளிகள். உண்மையில் அங்கே இருப்பவை மொத்தம் 6 நட்சத்திரங்கள்!

இரண்டு பக்க வானமும் தெரிகிற இந்த வசதிக்காகவும்தான் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கியதை அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. மறைத்தது எது தெரியுமா? யுரேனஸின் வளையம்! சனிக்கு மட்டும்தான் வளையம் உண்டு என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கண்டுபிடிப்பில் நம் மலைக்கிராமத்து வானத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது தென்கிழக்கே பாருங்கள். விருச்சிகம் தலையை உயர்த்திக்கொண்டு எழுகிறது. அதன் நெஞ்சில் சிவப்பாக எரிவது கேட்டை. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தால் பூமி மட்டுமல்ல, செவ்வாயின் பாதையும் அதற்குள்ளே போய்விடும்! நீங்கள் இன்று பார்க்கும் அதன் ஒளி சுமார் 550 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது.

வானத்துத் தேள் ஜொலிப்பது இருக்கட்டும், தரையில் ஊரும் தேளும் ஜொலிக்கும், தெரியுமா? கள்ளநோட்டு பார்க்கப் பயன்படுத்துகிற புற ஊதா டார்ச்சை இருட்டில் கல் இடுக்கில் அடித்தால், கறுப்புத் தேள் பச்சையும் நீலமுமாக மின்னுகிறது! புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் அப்படி ஒளிராது. தோல் இறுக இறுகத்தான் அந்தப் பளபளப்பு வரும். (செருப்பு, டார்ச் இரண்டும் இல்லாமல் வரப்பில் இறங்க வேண்டாம்.) சாதாரண டார்ச்சை நெற்றியோரம் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பாருங்கள். பச்சையாகப் பொடிப்பொடியாக வைரங்கள் மின்னும். அத்தனையும் கண்கள்! வலை பின்னாமல் ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள்.

மண்சாலையில் சிவப்பாக இரண்டு கண்கள் ஒளிர்கிறதா? பக்கி! சிமென்ட் தரையில் நழுவவிட்ட கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குவதுபோல அதன் குரல். கூடே கட்டாமல் வெறும் தரையில் முட்டையிடும் பறவை இது.

எல்லாவற்றையும்விட என்னை மலைக்க வைப்பது மின்மினிதான். அந்த வெளிச்சத்தில் சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை! அடிவயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது பிறக்கிற குளிர்ந்த ஒளி அது. பறந்தபடி விட்டு விட்டு மின்னுவது ஆண். இலையில் உட்கார்ந்து பதில் சொல்வது பெண். ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி தாளம்! இறக்கை முளைத்த பிறகு சில வாரங்கள்தான் ஆயுள், அதற்குள் துணையைத் தேடியாக வேண்டும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஈர மண்ணில் புழுவாகக் கிடந்து நத்தைகளை வேட்டையாடி வளர்கிறது. 2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னின. ஒரு மரத்தில் தொடங்கும் வெளிச்சம் அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று காடு முழுக்க அலையாகப் பரவியது! ஆனால் ராத்திரி முழுக்க எரியும் ஒரு எல்.இ.டி. விளக்கு போதும், பெண்ணின் அந்தச் சின்னப் பதில் ஆணின் கண்ணிலேயே படாமல் போய்விடும். வாசல் விளக்கை அணைப்பது மின்சாரச் சிக்கனம் மட்டுமல்ல, தயவுசெய்து இதற்காகவும் அணையுங்கள்.

கரூர், திண்டுக்கல் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பெருமை. இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் கடவூரில்தான்! 2022-ல் அறிவிக்கப்பட்டது, 11,806 ஹெக்டேர். கைக்குள் அடங்கும் உடம்பு, முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட கண்கள், வால் கிடையாது. குரங்கின் உறவுக்காரன், ஆனால் தாவவே தாவாது! கிளைக்குக் கிளை கைமாற்றி மெதுவாக நகர்ந்து பூச்சியைப் பிடிக்கும். பயிரைத் தின்னும் பூச்சிகளும் அதற்கு இரைதான். தேடிப் போகிறவர்கள் டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் அந்தக் கண்களுக்கு வேதனை.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோமே, அந்தச் சர்க்கரைக்கு முதல் வாடிக்கையாளர் வௌவால்! பூவின் இனிப்புக்கு ராத்திரியில் வரும். பழம் பழுத்ததும் மறுபடி வரும், தின்றுவிட்டு விதையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும். கோயில் இலுப்பைத் தோப்புகளில் வௌவால் நட்ட மரங்களும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஹாலி வால்நட்சத்திரம் மறுபடி வருவது 2061-ல். அதன் தூசி மட்டும் வருஷாவருஷம் மே முதல் வாரத்தில் நம் தலைக்கு மேலே கொட்டுகிறது, தெரியுமா? விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் உரசி எரியும் அந்தத் தூசிதான் ஈட்டா அக்வாரிட் எரிகற்கள். மே 5, 6 தேதிகளில் அதிகாலை 3 மணிக்குப் பாயை மொட்டைமாடியில் விரித்துக் கிழக்கே பார்த்துப் படுங்கள். தொலைநோக்கி எதுவும் வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது ஆகும், அதுவரை செல்போனைத் தொடாதீர்கள்!