தொதல் எந்நாட்டுப் பண்டம்?

கதிர்காம யாத்திரை முடித்துத் தென்கரை வழியாகத் திரும்பும் பதுளைத் தோட்டத்து மக்களின் பைகளிலே திருநீற்றுப் பொட்டலத்தோடு இன்னொரு பொட்டலமும் இருப்பதுண்டு. அம்பாந்தோட்டைத் தெருவோரக் கடையில் வாங்கிய, எண்ணெய் மினுங்கும் கரிய தொதல் அது. ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கடலோரத்துத் தின்பண்டம் ஒன்று லயத்துக் குழந்தைகளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்பண்டத்துக்கு உரிமை கொண்டாடுவோர் பலர். சிங்களர் இதனைக் 'கலு தொதொல்' என்பர்; 'கலு' என்றால் கருமை. யாழ்ப்பாணத்தார் தம் வீட்டுப் பலகாரம் என்பர். இராமநாதபுரக் கரையிலுள்ள கீழக்கரையிலும் தொதல் பெயர் பெற்றது. கோவாவின் கத்தோலிக்கருக்கோ அது நத்தார்ப் பண்டிகை இனிப்பு.

யாருடையதென அறிய, பெயரையே சாட்சிக்கு அழைக்கலாம். 'தொதல்' என்பதற்குத் தமிழில் வேர்ச்சொல் காண்பது அரிது. யாவாவிலும் மலாய் நாட்டிலும் இதே பண்டத்துக்கு 'தொதொல்' என்றே பெயர். தனித் தமிழ்ச் சொல்லின் இடையிலே குற்றொகரம் வருவது வழக்கமன்று. ஆகவே தமிழர் நாவில் இரண்டாம் ஒகரம் அகரமாயிற்று. சிங்களம் அதனை அப்படியே காத்துக்கொண்டது. பிறப்பிடம் கீழ்த்திசைத் தீவுகளே என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

கொண்டுவந்தவர் யார் என்பதில்தான் வழக்கு. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், யாவாவிலிருந்து போர்வீரரையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் கொணர்ந்தனர். அவர்தம் வழியினர் ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படையிலும் பணியாற்றினர். அப்படை 1873இல் கலைக்கப்பட்டது. அம்பாந்தோட்டையில் இன்றும் மலாய்க் குடும்பங்கள் வாழ்கின்றன. சம்பான் படகுகள் அணைந்த துறையாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றதென்பாரும் உளர். ஆனால் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் கப்பல்கள் கொழும்பைத் தொட்டே சென்றன. கோவாவின் தொதலுக்கு அவ்வழியே பொருந்துகிறது. அம்பாந்தோட்டைக்கு மலாயர் கையே பொருந்தும். ஒரே பண்டம் இருமுறை கரையேறக் கூடாதென்று விதியில்லையே!

செய்முறையோ எங்கும் ஒன்றே. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் வெல்லத்தையும் பெரிய தாச்சியில் இட்டு, நீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, பாகு தாச்சியை விட்டு விலகும்வரை மணிக்கணக்காய்க் கிளற வேண்டும். சற்றே கை ஓய்ந்தாலும் அடிப்பிடிக்கும். நீர் வற்றியதால் பல நாள் கெடாது. கப்பலுக்கும் யாத்திரைக்கும் ஏற்றதாயிற்று.

மாறுவது வெல்லம். யாழ்ப்பாணத்தில் பனையும் தென்னிலங்கையில் கித்துளும் இனிப்பைத் தருகின்றன. மேற்கு யாவாவின் காருட் நகரத்தில் பசையரிசி மாவிலே செய்கின்றனர். நேயர்களே, அங்கு செல்லும் பதுளைப் பிள்ளை பெயரைக் கேட்டவுடன் கை நீட்டும். வாயிலிட்டதும் கித்துள் மணத்தைத் தேடும்.