பல்லுயிர் ஈரலும் ஹார்மோன் ஏற்பிகளும்

தூத்துக்குடிக் கரையில் சினைமீனை அரிவோர், அதன் வயிற்றில் முட்டைத் திரளோடு பருத்த ஈரலும் இருக்கக் காண்பர். முட்டைக்கும் ஈரலுக்கும் யாது தொடர்பு என வினவுவார் சிலரே. மஞ்சட்கருவுக்குரிய புரதத்தை ஆக்குவது சினைப்பையன்று, ஈரலே. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைக் குருதியில் விடுக்கும். அஃது ஈரலை யடைந்து, ஆங்குள்ள ஏற்பியோடு பொருந்தும். பொருந்தவே, விட்டெல்லோஜெனின் என்னும் கருப்புரதம் தோன்றிக் குருதி வழியே சினைப்பையைச் சேரும்.

ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர். தூண்டுதல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் இலக்கணத்து 'ஏவல்' இதற்கு நன்கு பொருந்தும் என்பது என் கருத்து. ஏவல் உளதேல், கேட்கும் செவியும் வேண்டுமன்றோ? அச்செவியே ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டென்பதை 1950-களின் இறுதியில் சிக்காகோ நகரத்து எல்வுட் ஜென்சன், கதிரியக்கமூட்டிய ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்தித் தெளிந்தார். இரண்டாவது ஏற்பி 1996-இல் வெளிப்பட்டது.

இனி உயிர்களை ஒப்பு நோக்குவோம். மனிதர்க்கு இவ்வேற்பி இருவகை. எலும்பு மீன்களுக்கோ பொதுவாக மூன்று. சேவலின் ஈரலிலும் ஏற்பி உண்டு. ஆதலின் ஈஸ்ட்ரோஜனை ஊசிவழிச் செலுத்தின், முட்டையே இடாத சேவலின் குருதியிலும் கருப்புரதம் நிறையும்! ஆண் தவளையும் அவ்வாறே.

மன்னார் வளைகுடாவில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவின் நிலை வேறு. அது குட்டியீன்று பாலூட்டுவது. மஞ்சட்கரு வேண்டாமையின், இத்தகைய பாலூட்டிகளிடத்து விட்டெல்லோஜெனின் மரபணு காலப்போக்கிற் சிதைந்தொழிந்தது. முட்டையிடும் பிளாட்டிபஸிடம் ஒன்று இன்னும் எஞ்சியுளது. ஏற்பியோ அழிந்திலது, நம் ஈரலில் அது கொழுப்பின் அளவை நெறிப்படுத்துகின்றது.

முத்துச்சிப்பிக்கு ஈரலே இல்லை; செரிமானச் சுரப்பி உண்டு. அதற்கு உறவாகிய பசிபிக் கடற் சிப்பியை ஆராய்ந்தோர் கண்டது வியப்பைத் தருவது. அதன் ஏற்பி உருவில் நம்முடையதை ஒத்தும், ஈஸ்ட்ரோஜனை ஏற்பதில்லை, ஏவாமலே இயங்குகின்றது. கருப்புரதமும் சினைப்பையிலேயே உண்டாகின்றது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு ஓய்ந்த இக்கரையில், 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து விளைவித்துக் காட்டினர். சிப்பி வளர்ப்போர், மீனுக்குக் கண்ட முடிபைச் சிப்பிக்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 1990-களில் இங்கிலாந்தின் ஆறுகளில் கழிவுநீர் கலக்குமிடத்து ஆண்மீன்களின் குருதியில் கருப்புரதம் மிகுந்திருந்தது. மாதர் உடலினின்றும் கருத்தடை மாத்திரைகளினின்றும் நீரிற் கலந்த ஈஸ்ட்ரோஜன் அதற்கு முதன்மையான காரணம் என்று கண்டனர். ஏற்பி, ஏவல் எங்கிருந்து வந்தது என ஆராய்வதில்லை, வந்ததை ஏற்கும். ஆதலின் நகரக் கழிவு கடலிற் கலக்கும் எவ்விடத்தும், ஆண்மீனின் ஒரு துளிக் குருதியே அந்நீரின் தூய்மைக்குச் சான்று பகரவல்லது.